நாட்டு மரக்கன்று வேண்டுமானால் சித்திரையிலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆடி பிறந்ததும் ஊர் நாற்றங்கால்களுக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். ஊராட்சி, பள்ளி, தொழிற்சாலை, ஏரிக்கரையில் மரம் நடும் இளைஞர் மன்றம் என்று யார் பேசினாலும் கேட்பது ஒன்றுதான்: "மழைக்கு நட 2,000 கன்று வேண்டும். எல்லாம் நாட்டு மரமாக இருக்கட்டும். இலுப்பை, நாவல், மகிழம் கலந்து கொடுங்கள். ஐந்தடிக்குக் குறையக் கூடாது." கேட்பவர்களின் எண்ணத்தில் குறையே இல்லை. ஆனால் அவர்கள் கேட்கும் இலுப்பையின் விதை அந்த வாரம்தான் மரத்தடியில் விழுந்துகொண்டிருக்கும். ஐப்பசிக்குள் அது ஒரு முழம்கூட வளராது. "இல்லை" என்று சொன்னால், வேறு நாற்றங்காலில் தயாராக நிற்கும் தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் மகாகனியும் வண்டி ஏறிவிடும். முதலாவது தென் அமெரிக்கப் பக்கத்து மரம், இரண்டாவது மடகாஸ்கர் தீவுடையது, மூன்றாவது மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. நாட்டு மரம் கேட்டுப் புறப்பட்டவர்கள் இதை நட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காட்டுக்கு உயர்த்தும் நோக்கத்தோடு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் பிறகு நாட்டு மரங்களைப் பற்றிய பேச்சு ஊர்தோறும் கூடியிருப்பது மகிழ்ச்சி. பேச்சு கூடிய அளவுக்கு, கன்று எப்படி உருவாகிறது, எவ்வளவு நாள் எடுக்கும், எதற்குக் காசு செலவாகிறது என்பது வாங்குகிறவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதை விவரமாகச் சொல்லவே இக்கடிதம்.

முதலில், எது உள்ளூர் மரம் என்பதில் தெளிவு வேண்டும். செம்மரம் நம் நாட்டு மரம்தான். ஆனால் அது ஆந்திரப் பக்கத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் மரம். தேக்கும் நம் நாட்டு மரம்தான். கடலோரச் செம்மண்ணுக்கு அது உரியதல்ல. விழுப்புரம், கடலூர், புதுச்சேரிக் கரையில் இயற்கையாக நின்றது உலர் பசுமைமாறாக் காடு. குறைந்த உயரம், சிறிய தடித்த இலை, கோடையிலும் முழுதாக உதிராத தழை, அடியில் முட்புதர், மேலே கொடி என்று நெருங்கி வளர்வது அது. இன்று அந்தக் காட்டின் மிச்சம் பெரும்பாலும் கோயில்காடுகளில்தான் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய புத்துப்பட்டு அய்யனார் கோயில்காட்டுக்குப் போனால் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். உலக்கைப்பாலை, வீரை, காசான், குருந்து, கருங்காலி, வெப்பாலை, இலுப்பை, நாவல், மகிழம், காரை, களா, சங்கஞ்செடி என்று இந்தக் கரைக்கு உரிய பட்டியல் நீளும். 1968-இல் பொட்டலாகக் கிடந்த மேட்டில் தொடங்கிய ஆரோவில்லில் இதே மரங்களைக் கொண்டு காடு மீட்டெடுக்கப்பட்டிருப்பதால், இந்த மண்ணில் இவை வருமா என்ற ஐயத்துக்கு இடமில்லை.

கன்று உற்பத்தியின் கடினமான பகுதி விதை. நெல், உளுந்து போல எடுத்து வைத்து நினைத்தபோது விதைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்குள்ள முக்கியமான மரங்கள் பலவற்றின் விதை அப்படி இருக்காது. வேம்பு, இலுப்பை, நாவல் மூன்றும் ஆனி, ஆடியில் பழுக்கும். மூன்றின் விதையும் ஈரத்தோடு உயிர் வைத்திருப்பவை, காய்ந்தால் செத்துவிடும். வேப்பங்கொட்டைக்கும் நாவல் கொட்டைக்கும் இரண்டு மூன்று வாரம்தான் ஆயுள் என்று வைத்துக்கொள்வது நல்லது. இலுப்பை எண்ணெய் வித்து. சிக்கு வாடை வந்துவிட்டால் பிறகு முளைக்காது, அதுவும் ஒரு மாதத்துக்குள் வந்துவிடும்.

வேம்பில் செய்ய வேண்டியது இது. பச்சைக் காயும் வேண்டாம், தரையில் கிடந்து கறுத்ததும் வேண்டாம். மஞ்சளாகப் பழுத்ததை மட்டும் எடுக்க வேண்டும். சாக்கிலோ துணிப்பையிலோதான் கொண்டுவர வேண்டும். பாலித்தீன் பையில் கட்டினால் சில மணி நேரத்தில் உள்ளே சூடேறிப் புளித்துப்போகும். அன்றே அல்லது மறுநாள் தண்ணீரில் மணல் சேர்த்துத் தேய்த்துச் சதையை அகற்றிவிட வேண்டும். பிறகு நிழலில் ஓரிரு நாள் உலர்த்தினால் போதும், வெயில் கூடாது. விதைக்கும் முன் பத்துக் கொட்டையை எடுத்து உடைத்து, பருப்பைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மஞ்சளாக மாறியிருந்தால் பாதி போய்விட்டது, பழுப்பாக இருந்தால் அந்தச் சாக்கையே உரக்குழியில் கொட்டிவிடலாம். கடையில் பூச்சிவிரட்டிக்காக விற்கும் வேப்பங்கொட்டையை வாங்கி விதைத்து, "முளைக்கவே இல்லை" என்று சொல்வோர் நிறைய. அது வெயிலில் காய்ந்த கொட்டை, முளைக்க வழியே இல்லை.

இலுப்பையை மரத்தில் ஏறிப் பறிக்கத் தேவையில்லை. வௌவால் பழத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சதையைத் தின்றுவிட்டு விதையைப் போடும் இடம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கும். அங்கே காலையில் பொறுக்கினால் பளபளப்பான பழுப்பு விதை சுத்தமாகக் கிடைக்கும். இதைத் தாய்ப்பாத்தியில் போட்டுப் பிடுங்கி நடக் கூடாது. முளைத்த சில நாளிலேயே ஆணிவேர் ஆழமாக இறங்கிவிடும்; பிடுங்கும்போது அது முறிந்தால் கன்று நின்றாலும் தேறாது. நேராகப் பையில், படுக்கை வாட்டில், 2 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். எண்ணெய் விதை என்பதால் எலியும் அணிலும் இரவோடு இரவாகத் தோண்டித் தின்றுவிடும். முளை வந்து விதைத்தோல் கழலும் வரை கம்பி வலையோ முள்ளோ போட்டு மூடாத நாற்றங்காலில் இலுப்பை மிஞ்சாது.

நாவலில் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வருவது இயல்பு. பலமானதை விட்டு மற்றதைக் கத்தரியால் மண் மட்டத்தில் வெட்டிவிட வேண்டும். கையால் பிடுங்கினால் விட வேண்டியதும் சேர்ந்து வந்துவிடும்.

கடினத் தோல் கொண்ட விதைகள் வேறு வகை. சரக்கொன்றை, வாகை, உசில் விதைகளை உலர்த்தி, சாம்பல் கலந்து மூடி வைத்தால் அடுத்த ஆண்டும் முளைக்கும். தோலை உடைப்பதுதான் வேலை. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகு, விதையைப் போல ஐந்து மடங்கு தண்ணீரை ஊற்றி இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே விதையைப் போட்டால் வெந்துவிடும். காலையில் ஊதிய விதையை மட்டும் பொறுக்கி விதைத்து, ஊதாததற்கு மீண்டும் வெந்நீர் ஊற்றலாம். சரக்கொன்றைக்கு வெந்நீர் பல சமயம் போதாது. நகவெட்டியால் விதையின் உருண்டை முனையில், முளை இருக்கும் கூர்முனைக்கு எதிர்ப்பக்கம், தோலை மட்டும் லேசாகக் கிள்ளிவிட்டு ஊறவைத்தால் மறுநாளே ஊதும். கந்தக அமிலத்தில் போட்டு எடுக்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். பெண்கள் குழுவாக உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தில் அமிலத்துக்கு வேலையில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

மகிழமும் உலக்கைப்பாலையும் பொறுமையைச் சோதிக்கும். மகிழ விதையின் ஓட்டை உப்புத்தாளில் தேய்த்துப் போட்டாலும் ஒரு மாதத்தில் தொடங்கி மூன்று மாதம் வரை ஒன்றொன்றாக முளைக்கும். பாதி முளைத்ததும் "மற்றது செத்தது" என்று பாத்தியைக் கொத்திவிடக் கூடாது. பாலை முளைப்பதும் மெதுவு, வளர்வதும் மெதுவு. இரண்டாம் ஆண்டு முடிவிலும் பெரும்பாலான கன்று முழங்கால் உயரம் தாண்டாது. இதில் இன்னொரு போட்டியும் உண்டு: சப்போட்டா ஒட்டுக்கட்டுவதற்கு வேர்க்கன்றாகப் பாலை நாற்றைத் தேடுகிறவர்கள் இருப்பதால், காட்டுக்குப் போக வேண்டிய கன்று தோட்டத்துக்குப் போய்விடுகிறது. கொள்முதல் பட்டியலில் வெறுமனே "பாலை" என்று எழுதினால் ஏழிலைப்பாலையோ வெப்பாலையோ வந்து இறங்கும். உலக்கைப்பாலை என்றும், அதன் அறிவியல் பெயரான மனில்காரா ஹெக்ஸாண்ட்ரா என்றும் முழுதாக எழுதிக் கொடுங்கள்.

வெப்பாலை விதைக்குக் காத்திருக்கவே முடியாது. இரட்டைக் காய் வெடித்ததும் பஞ்சு முடியோடு விதை காற்றில் போய்விடும். காய் பழுப்பேறும்போதே பறித்து, வலைத்துணிப் பையில் போட்டுத் தொங்கவிட்டு வெடிக்கவிட வேண்டும். நீர்க்கடம்பு, அத்தி, ஆல் இவற்றின் விதை தூசு மாதிரி இருக்கும். சலித்த மணலோடு கலந்து தட்டில் தூவி, மேலே மண் போடாமல், தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிட வேண்டும். பூவாளியால் ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். ஆலுக்கும் பூவரசுக்கும் கிளுவைக்கும் இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் போத்து, அதாவது வெட்டிய கிளைத் துண்டு, நட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரே மரத்துப் போத்திலிருந்து வரும் கன்றெல்லாம் ஒரே மரம்தான். ஒன்றுக்கு வரும் நோய் எல்லாவற்றுக்கும் வரும்.

விதை மரத்துக்கும் இதே கவனம் வேண்டும். சாலையோரத்தில் தனியே நிற்கும் ஒரே மரத்தில் ஆயிரம் கன்றுக்கு விதை எடுப்பது எளிது. அப்படி உருவாகும் தோப்பில் எல்லாம் உடன்பிறப்பு. அடுத்த தலைமுறைக் காய்ப்பும் வலிமையும் குறையும். ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் பத்து மரத்திலாவது எடுத்துக் கலக்க வேண்டும். ஒரு மரத்தில் அன்று கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மிச்சம் பறவைக்கும் வௌவாலுக்கும் உரியது. காட்டை உண்மையில் பரப்புகிறவை அவைதான். கோயில்காட்டில் சுள்ளிகூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களையும் பூசாரியையும் கேட்டு, விழுந்ததை மட்டும் பொறுக்க வேண்டும். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் எடுக்கவே கூடாது. எடுத்த ஒவ்வொரு பைக்கும் மரம், ஊர், தேதி எழுதிய சீட்டு இருக்க வேண்டும். சீட்டு இல்லாத விதையை விற்பனைக் கன்றுக்குப் பயன்படுத்தாத நாற்றங்காலே நம்பத்தக்கது.

மண் கலவையில் பெரிய ரகசியம் இல்லை. செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு. களிமண் கலந்த மண்ணானால் மணலைக் கூட்ட வேண்டும். ஆற்றுமணல் கிடைக்காமல் எம்-சாண்ட் போடுகிறவர்கள் அதைக் கழுவிப் போட வேண்டும். அதிலுள்ள மாவுத்தூள் நீர் பட்டதும் இறுகி, பைக்குள் தண்ணீர் இறங்காமல் மேலேயே நிற்கும். தொழுவுரம் முழுதாக மக்கியிருக்க வேண்டும். அரைகுறையாக மக்கியது பைக்குள் சூடேறி இளவேரைக் கருக்கும். அதில் இருக்கும் வண்டுப் புழு மிச்ச வேரைக் கடித்துத் தின்னும். மேலே கன்று திடீரென்று வாடினால், தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு பையைக் கவிழ்த்துப் பாருங்கள். வெள்ளையாக, வளைந்து கிடக்கும் புழு தெரியும். 100 கிலோ தொழுவுரத்துக்கு 1 கிலோ ட்ரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்து, ஈரமாக்கி, நிழலில் பத்துப் பதினைந்து நாள் சாக்குப் போட்டு மூடி வைத்துப் பயன்படுத்தினால் நாற்றழுகல் பெருமளவு குறையும். நாற்று நெருக்கமாக இருந்து, மாலையில் தண்ணீர் ஊற்றி, இரவெல்லாம் ஈரம் நின்றால் அழுகல் கட்டாயம் வரும். மண் மட்டத்தில் தண்டு கறுத்து மெலிந்து, காலையில் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். அதன்பிறகு மருந்து தேடுவது வீண். நெருக்கமான நாற்றைக் கலைத்துவிடுவதும் காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுவதும்தான் தடுப்பு.

இனி வாங்குகிறவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று: வேர். 4-க்கு 6 அங்குலப் பையில் அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் மண் பிடிக்கும். அதில் ஐந்தடிக் கன்று நிற்கிறது என்றால் அந்தப் பையைப் பிளேடால் பக்கவாட்டில் கிழித்துப் பாருங்கள். ஆணிவேர் பையின் அடியைத் தொட்டு, போக இடமில்லாமல் திரும்பி, அடியிலேயே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும். சுற்றிய வேர் மரமான பிறகும் நேராகாது. தடித்து, தன் கழுத்தையே தான் நெரித்துக்கொள்ளும். மேலே மரம் நன்றாகத்தான் தழைக்கும். பத்தாம் ஆண்டில் ஒரு புயல் வரும்போது அடியோடு சாயும். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று புயல் கரை ஏறும் மண் இது. சுருண்ட வேர்க் கன்றை இங்கே நடுவது சாலையில் போகிறவர் தலைக்கும் ஆபத்து.

ஆழமான ஆணிவேர் உள்ள இலுப்பை, வேம்பு, நாவல், புங்கம் எல்லாவற்றுக்கும் 6-க்கு 12 அங்குலப் பை குறைந்தபட்சம். அடியிலும் பக்கத்திலும் நல்ல துளைகள் வேண்டும். பையைத் தரையில் அப்படியே வைத்துவிட்டால் துளை வழியாக வேர் தரைக்குள் இறங்கிவிடும். விற்கும் நாளில் தூக்கும்போது அது அறுந்து, வண்டியிலேயே கன்று வாடும். அதனால் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பையையும் தூக்கி, வெளியே வந்த வேரை நறுக்கி, இடம் மாற்றி வைக்க வேண்டும். அப்போதே உயரமானதைப் பின்னாலும் குட்டையை முன்னாலும் தரம் பிரித்தால் குட்டைக்கும் வெளிச்சம் கிடைக்கும். முடிந்தால் செங்கல் அடுக்கி, கம்பிவலை மேல் பையை வைக்கலாம். துளை வழியாக எட்டிப் பார்க்கும் வேர் காற்றுப் பட்டுத் தானாகக் கருகி, உள்ளே சல்லிவேர் பெருகும். தூக்கி வைக்கும் கூலி மிச்சம், வேரும் நன்றாக இருக்கும்.

பனையை மட்டும் பையில் கேட்காதீர்கள். பனங்கொட்டை முளைத்ததும் தண்டு மேலே வராமல் முதலில் பூமிக்குள் ஆழமாக இறங்கும். நாம் பிடுங்கித் தின்னும் கிழங்கு அப்படி உருவாவதுதான். பையில் அதற்கு இடமே இல்லை. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது கொட்டையை வாங்கி நேராக ஏரிக்கரையில் ஊன்றுங்கள். நாற்றங்கால்கள் விற்க வேண்டியது பனங்கொட்டையைத்தான்.

நட அனுப்பும் முன் கன்றைப் பழக்க வேண்டும். 50 விழுக்காடு நிழல்வலைக்குள் வளர்ந்த கன்றை நேராகச் சாலையோர வெயிலில் நட்டால் ஒரே வாரத்தில் இலை கருகும். "நாட்டு மரம் தாக்குப்பிடிக்கவில்லை" என்று பெயரும் வரும். ஒரு மாதம் முன்பே நிழலைக் குறைத்து, கடைசி இரண்டு வாரம் முழு வெயிலில் வைத்து, தினமும் ஊற்றிய தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்க வேண்டும். இப்படிப் பழக்கிய கன்று பார்க்கப் பளபளப்பாக இருக்காது. இலை சிறியதாக, கொஞ்சம் மங்கலாக, தண்டு விறைப்பாக இருக்கும். வாங்க வேண்டியது அதைத்தான். உயரத்தைப் பார்க்காதீர்கள், மண் மட்டத்தில் தண்டு பென்சில் கனமாவது இருக்கிறதா என்று பாருங்கள். நூறு கன்று வாங்கினால் ஒன்றைக் கிழித்து வேரைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நல்ல நாற்றங்கால் அதை மறுக்காது.

விலையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. 6-க்கு 12 பையில் ஏறக்குறைய 2 லிட்டர் மண் பிடிக்கும். நனைந்தால் 3 கிலோ. முக்கால் டன் ஏற்றும் சிறு சரக்கு வண்டியில் 250 கன்றுக்கு மேல் போகாது. 4-க்கு 6 பையானால் அதே வண்டி 1,000 கன்று ஏற்றும். ஆக, வண்டிக்கூலி மட்டுமே நான்கு மடங்கு. கோடையில் பெரிய பை ஒன்றுக்கு நாளைக்குக் கால் லிட்டர் தண்ணீர். 1,000 பைக்கு 250 லிட்டர். களை எடுப்பதும் பை மாற்றுவதும் தண்ணீர் ஊற்றுவதும் பதினைந்து மாதம் நடக்க வேண்டும். பாலைக்கும் மகிழத்துக்கும் இரண்டரை ஆண்டு. நான்கு மாதத்தில் நாலடி வளரும் வெளிநாட்டு மரத்தின் விலையோடு இதை ஒப்பிட்டு "அநியாய விலை" என்று சொல்வது நியாயமாகாது.

ஒப்பந்தப்புள்ளிகளில் வரும் சிக்கலும் இதுதான். உயரத்தை மட்டும் எழுதி, குறைந்த விலையைக் கேட்டால், சின்னப் பையில் நெருக்கி வளர்த்து வெளிச்சத்துக்காக நீண்ட ஒல்லிக் கன்று கொடுப்பவருக்கே வாய்ப்புப் போகும். பையின் அளவு, கன்றின் வயது, தண்டின் கனம், விதை எடுத்த வட்டாரம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். உயரத்தை விட்டுவிட்டாலும் பாதகமில்லை. இப்போது நடக்கும் இலவச விநியோகத்திலும் எங்களுக்கு உடன்பாடில்லை. பத்து ரூபாயாவது கொடுத்து வாங்கிய கன்றுக்குத்தான் வீட்டுக்காரர் வேலி போடுவார். விநியோகிக்கும் துறைகள் அந்தக் கன்றை ஊர் நாற்றங்காலில் வாங்கி, பாதி விலைக்குக் கொடுத்தால் வீட்டுக்காரருக்கும் நாற்றங்காலுக்கும் நல்லது.

வீட்டுக்கு வாங்க வருகிறவர்களுக்கு விற்பதில் பொறுப்பு அதிகம். இரண்டு சென்ட் மனையில் சுவரை ஒட்டி இலுப்பையோ நாவலோ கேட்டால், கையில் கன்று இருந்தாலும் கொடுக்கக் கூடாது. இருபது அடி இடம் இல்லாதவருக்கு ஆத்தி, வெப்பாலை, சரக்கொன்றை போதும். வேலிக்குக் கிளுவை, களா. ஆடு மேயும் ஓரத்துக்கு நொச்சி, ஆடாதொடை. பெரிய மரம் வளர்க்க முடியவில்லையே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. ஒரு குருந்தோ எலுமிச்சையோ இருந்தால் அதன் இலையில் பட்டாம்பூச்சி முட்டையிடும். ஆடுதின்னாப்பாளைக் கொடி இருந்தால் அதற்கென்றே வேறு வகை வரும். புழு இலையைத் தின்கிறது என்று மருந்து கேட்டு வருவார்கள். அது வண்ணத்துப்பூச்சியின் குழந்தை, இரண்டு வாரத்தில் போய்விடும், கன்று மீண்டும் துளிர்க்கும் என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கன்றுக்கும் பெயர், முழு வளர்ச்சியில் உயரம், வெயிலா நிழலா, சுவரிலிருந்து எத்தனை அடி என்று ஒரு சின்னத் தகட்டில் எழுதி வைத்தால் பாதிப் பிரச்சினை வராது.

நடும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். ஜூலை முதல் வாரம், 1950-இல் அப்போதைய மத்திய அமைச்சர் கே. எம். முன்ஷி தொடங்கிவைத்த வனமகோற்சவம் என்ற மரம் நடு விழா. தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாநிலங்களுக்கு அது பொருத்தமான காலம். இந்தக் கரைக்கு ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் விழுகிறது. கத்திரி வெயில் முடிந்த சூட்டில் ஜூன் மாதம் நட்டுப் படம் எடுத்துக்கொண்டால், அடுத்த நான்கு மாதம் யாராவது குடத்தில் தண்ணீர் சுமக்க வேண்டும். சுமக்க ஆள் இல்லாததால்தான் கன்று காய்கிறது. ஜூன் 5 அன்று விதை பொறுக்கப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். வேம்பும் நாவலும் இலுப்பையும் பழுக்கத் தொடங்கும் காலம் அது. நடுவதைப் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதல் மழையிலோ வைத்துக்கொள்ளுங்கள். இரண்டடி ஆழ, அகலக் குழியை ஒரு மாதம் முன்பே எடுத்து ஆறவிட்டு, பையைக் கிழித்து அகற்றி, மண்கட்டி உடையாமல் இறக்க வேண்டும். தை முதல் அடுத்த ஆடி வரை வாரம் ஒருமுறை தண்ணீருக்கு ஆள் ஏற்பாடு செய்த பிறகு கன்று வாங்குங்கள். ஏற்பாடு 200 கன்றுக்குத்தான் முடியும் என்றால் 200 வாங்கினால் போதும்.

ஆகவே ஊராட்சித் தலைவர்கள், தலைமை ஆசிரியர்கள், நகராட்சி ஆணையர்கள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாளுகிறவர்கள் எல்லாரிடமும் கேட்டுக்கொள்வது இது. எந்த மரம், எத்தனை, எந்த இடத்துக்கு என்ற பட்டியலைச் சித்திரை மாதத்துக்குள் உங்கள் பக்கத்து ஊர் நாற்றங்காலில் கொடுங்கள். விலையில் மூன்றில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டுங்கள். ஆனி, ஆடியில் விதை பையில் ஏறும். அடுத்த ஆண்டு புரட்டாசியில், பதினைந்து மாதக் கன்று, தண்டு தடித்து, வேர் நேராக, வெயிலுக்குப் பழகி உங்களிடம் வந்து சேரும். பாலை, மகிழம், வீரை வேண்டுமானால் அதற்கும் ஓராண்டு முன்னதாகச் சொல்லுங்கள். முன்பதிவு இல்லாமல் வளர்த்து விற்காமல் நின்ற கன்றை மூன்றாம் ஆண்டு பெரிய பைக்கு மாற்ற வேண்டும், அல்லது வேர் சுருண்டதால் கழித்துவிட வேண்டும். அந்த இழப்பைத் தாங்க முடியாமல்தான் பல மகளிர் குழு நாற்றங்கால்கள் குரோட்டன்ஸுக்கும் ஒட்டு ரோஜாவுக்கும் மாறிவிடுகின்றன.

இந்த ஆண்டு மழைக்கே கன்று வேண்டும் என்பவர்கள் இப்போது நாற்றங்காலில் நிற்பதைக் கேட்டு வாங்குங்கள். புங்கம், பூவரசு, நொச்சி, ஆவாரை, வாகை ஆகியவை எந்த ஆண்டும் ஓரளவு இருக்கும். அவற்றோடு இலுப்பைக்கான முன்பதிவையும் அன்றே எழுதிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
ஊர் நாற்றங்கால் குழுவினர்,
வானூர் வட்டாரம், விழுப்புரம் மாவட்டம்.